தாத்தா படத்துக்கு மாலை போட்டாச்சு, விதைநெல் என்னாச்சு?

ஊரில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால் அன்னிக்குச் சாயந்திரமே முச்சந்தியில் பேனர் ஏறிவிடுகிறது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் வெள்ளை வேட்டியோடு அவர் படம். கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. அதற்கும் கீழே மகன்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் பெயர் வரிசை. குடும்பத்துக்காக உழைச்ச மனுஷனுக்கு அந்த மரியாதை வேணும். அதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது.

ஆனால் அறுபது, எழுபது வருஷம் அவர் எந்த மண்ணில் எதை விதைச்சார், அந்த விதை இப்போ யார் கையில் இருக்கு என்ற சேதி அந்தப் பேனரில் இருக்காது. பேனரில் இல்லாவிட்டால் பரவாயில்லை. பல வீடுகளில் வீட்டுக்குள்ளேயும் அந்தச் சேதி இல்லை. என் கவலை அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு உழவரின் நினைவு நிலைக்குமா, தொலையுமா என்பது அவர் போன பிறகு வரும் முதல் 12 மாதத்தில் முடிவாகிவிடுகிறது. படம் ஐம்பது வருஷம் சுவரில் தொங்கும். விதைநெல் அத்தனை வருஷம் காத்திருக்காது. நம்ம டெல்டா மாதிரி ஈரக்காற்று அடிக்கிற ஊரில், சாக்கில் கட்டிப் போட்ட நெல் ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு குறைய ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று பட்டம் விதைக்காமல் விட்டால் அது விதை இல்லை, வெறும் நெல். திதி கொடுக்க ஒவ்வொரு வருஷமும் நாள் வரும். விதைக்கு அந்தச் சலுகை கிடையாது.

சாப்பிடுகிற வாயைப் பார்த்து விதைத்தவர்

என் தாத்தாவுக்கு திருத்துறைப்பூண்டி பக்கம் 9 மா நிலம். மூணு மா ஒரு ஏக்கர் கணக்கில் மூணு ஏக்கர். அவரைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லாரும் சொல்வது "பிள்ளைங்க மேல உசுரா இருந்தவர்" என்பதுதான். ரொம்பச் சரி. ஆனால் அந்தப் பாசத்தை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டது குறைவு. அவர் பாசம் வயலில் தெரியும்.

சம்பாவுக்கு முன்னாடி அவர் போடும் கணக்கைக் கவனித்திருக்கிறேன். "எந்த ரகம் விலை போகும்" என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். முதல் கேள்வி, "இந்த வருஷம் வீட்டுல யார் யார் சாப்பிடப் போறா?" அத்தை பிரசவத்துக்கு வருகிறாள் என்றால் ஒரு மா பூங்கார். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பூங்கார்க் கஞ்சி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயலுக்குப் போகிற ஆளுக்கு நீராகாரத்துக்கு மாப்பிள்ளைச் சம்பா. விருந்தாளி இலைக்குத் தூயமல்லி. தண்ணி தேங்கும் பள்ளக்காலுக்கு ஆள் உயரத்துக்கு வளரும் காட்டுயானம். தையில் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, தாளுக்கு ஊடே ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளிச்சுவிடுவார். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கிண்ட அந்த உளுந்துதான். மாட்டுக்கு நீள வைக்கோல், மண்ணுக்குத் தக்கைப்பூண்டு.

இதை இன்றைக்கு நாம் 'பயிர்த் திட்டம்' என்கிறோம். பயிற்சி முகாமில் பலகையில் எழுதிப் போடுகிறோம். அவருக்கு அது குடும்பத் திட்டம். நல்ல குடும்பத்தலைவர், நல்ல உழவர் என்று அவரை இரண்டாகப் பிரித்துப் பேச முடியாது. பிரித்துப் பேசுவதால்தான், தலைவரை நினைவு வைத்துக்கொண்டு உழவரை மறந்துவிடுகிறோம்.

அவரைச் சாமி ஆக்க வேண்டாம்

இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் ஒரு பழக்கம் இருக்கு. "நம்ம தாத்தா காலத்தில் விஷமே இல்லை" என்று சொல்லிக் கைதட்டு வாங்குவது. பேச நன்றாக இருக்கும். ஆனால் இன்னிக்கு 80, 85 வயசில் இருக்கும் தாத்தாக்களின் கதை அது கிடையாது.

1960-61-ல் மத்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் அன்றைய தஞ்சாவூரும் ஒன்று. இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் அப்போது அதற்குள் அடக்கம். விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 வந்தது. 1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 வந்தது. ரேஷன் அரிசிக்கு வரிசை நின்ற காலம் அது. அப்போது இளவட்டமாக இருந்த என் தாத்தா யூரியாவைத் தலையில் சுமந்து கொண்டுவந்து போட்டவர்தான். பூச்சிமருந்து அடித்தவர்தான். வயலில் இருந்த கெண்டையும் குரவையும் காணாமல் போனதைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான்.

ஏன் போட்டார்? அதுவும் குடும்பத்துக்காகத்தான். நாலு பிள்ளைக்குச் சோறு போடணும், இரண்டு பெண்ணைக் கட்டிக் கொடுக்கணும், கூட்டுறவுக் கடனை அடைக்கணும். படிச்ச அதிகாரி வீடு தேடி வந்து சொல்கிறார், முதல் இரண்டு வருஷம் மூட்டை கூடுகிறது. அந்த நிலையில் இருந்தவரை இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு குற்றம் சொல்வது சுலபம், நியாயம் இல்லை.

அவர் திரும்பி வந்ததும் குடும்பத்துக்காகத்தான். உரச் செலவு ஏறிக்கொண்டே போனது. மண் இறுகி, ஏர் இறங்காமல் போனது. 2004 டிசம்பரில் சுனாமி வந்த பிறகு, கடலோர நாகை மாவட்டத்தில் உப்பேறிய நிலங்களைத் தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் உரங்களால் மீட்கும் வேலையில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போனார். அந்தப் பேச்சு எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. பிறகு ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா தொடங்கினார். அங்கே ஒரு விதி உண்டு: 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும். அந்த இரண்டு கிலோவை மடியில் கட்டிக்கொண்டு வந்தபோது என் தாத்தாவுக்கு எழுபது வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி வாழ்க்கை நம்பிய ஒன்றை அந்த வயசில் மாற்றிக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. அவரைச் சாமி ஆக்கினால் இந்தத் துணிச்சல் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும். புதுசாக மாற நினைத்துத் தயங்கி நிற்கிற உழவருக்கு, குறையே இல்லாத தாத்தாவைவிட மாறிக் காட்டிய தாத்தாதான் உதவுவார்.

பாட்டி இல்லாமல் விதை இல்லை

'தாத்தா விதை' என்று பெருமையாகச் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. விதைக்கென்று கதிரைக் கண்ணால் பார்த்துத் தனியாக ஒதுக்கியது அப்பாயி. காயவைத்தது, தூற்றியது, வைக்கோல் புரி சுற்றிக் கோட்டை கட்டும்போது உள்ளே நொச்சியும் வேம்பும் வைத்தது, சாணம் மெழுகியது எல்லாம் அப்பாயி. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைத்தது, துவரைக்குச் செம்மண் கட்டியது, சுரை விதையைக் குடுக்கையிலேயே காயவிட்டது எதுவும் தாத்தா கை வேலை இல்லை. தாத்தாவுக்கு வயல் தெரியும். வயலுக்கும் அடுப்புக்கும் நடுவில் விதையைக் காத்த கை பாட்டியுடையது.

தாத்தா போய்விட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்கிறோம். பல வீடுகளில் பாதி அறிவு இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கு. அவரிடம் யாரும் கேட்பதில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று கேட்கிறார்கள். "அப்பாயி, விதைக்கு எந்தக் கதிரை எடுப்பீங்க?" என்று ஒரு பேத்தி கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் கிழவி நிமிர்ந்து உட்காருவார்.

பெண் பிள்ளைகள் விஷயமும் இதில் சேர்த்திதான். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் நிலத்தைப் பற்றிய பேச்சு என்றால் அத்தைகளை அடுப்படிக்கு அனுப்புகிறோம், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுகிறோம். தாத்தாவோடு நாற்றுப் பறித்து வளர்ந்த அத்தைக்கு வயலைப் பற்றித் தெரிந்தது, வெளியூரில் வேலை பார்க்கிற மகனுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இருக்கும். பங்கு கொடுப்பது சட்டக் கடமை. அவர் சொல்லைக் கேட்பது நமக்கு லாபம்.

பாகப்பிரிவினை வரும் நாள்

இனி கசப்பான பேச்சுக்கு வருவோம். தாத்தா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொத்துப் பேச்சு தொடங்கிவிடும். மாடு முதலில் போகும், பார்க்க ஆள் இல்லை என்று. அடுத்து பத்தாயம், இடத்தை அடைக்கிறது என்று. விதைநெல்லை யாராவது ஒருத்தர் மில்லுக்கு அனுப்பிவிடுவார், கெட்டுப்போகுமே என்ற நல்ல எண்ணத்தில். கடைசியில் நிலம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் கீழே. அதை மூணாக, நாலாகப் பிரித்தால் என்ன மிஞ்சும்? எங்கள் வீட்டிலேயே 9 மாவை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டே கால் மா, அதாவது 75 சென்ட். அதை வைத்து என்ன பண்ணுவது என்று நாலு பேரும் தனித்தனியாக யோசித்தால் நாலு பேருக்கும் ஒரே பதில்தான் வரும்: வித்துடலாம்.

இங்கே ஒன்று நினைவில் வையுங்க. இயற்கை வேளாண்மைச் சான்றுக்கான தேசிய விதிப்படி, ரசாயனத்தை விட்ட நிலம் ஒரு பருவப் பயிர்களுக்கு இரண்டு வருஷமும், மா, தென்னை மாதிரி நீண்டகாலப் பயிர்களுக்கு மூணு வருஷமும் மாறுதல் காலத்தில் இருக்கணும். ஒரு பங்காளி தன் துண்டை யாருக்கோ குத்தகைக்கு விட்டு, அவர் ஒரு பட்டம் களைக்கொல்லி அடித்தால் அந்தத் துண்டுக்கு மறுபடி முதலிலிருந்து கணக்கு. பக்கத்துத் துண்டுக்கும் அந்தத் தண்ணிதானே பாயும்? தாத்தா பத்துப் பதினைந்து வருஷம் கிடை போட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, மண்புழு ஏறவிட்டதை ஒரு குத்தகைச் சீட்டு குலைத்துவிடும்.

"தாத்தா காலம் வேற, இப்ப காலம் வேற. திருப்பூர்ல வாடகை கட்டுறவனுக்கு ஊர்ல நிலம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆஸ்பத்திரிக் கடனுக்கு நிலத்தை வித்தவரை நான் பாவி என்று சொல்லமாட்டேன். தாத்தா உயிரோடு இருந்தால் அவரே "வித்துட்டு உசுரைப் பாரு" என்றுதான் சொல்வார். ஆனால் அவசரம் இல்லாத இடத்திலும், யோசிக்காமல், பிரித்த கையோடு விற்கிறோம். அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

காகிதத்தில் பிரியுங்க, வரப்பில் பிரியாதீங்க. பத்திரத்தில் அவரவர் பங்கு அவரவர் பெயரில் தெளிவாக இருக்கட்டும். பட்டா மாற்றிக்கொள்ளுங்க. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்குள் சந்தேகம் வராமல் இருக்க அது அவசியம். ஆனால் முதல் மூணு வருஷம் சாகுபடி ஒன்றாக நடக்கட்டும். ஊரில் இருக்கிற ஒருத்தர் பார்த்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் உழவுச் செலவில் பங்கு போடட்டும், அவர்கள் பங்கு அரிசியாகப் போகட்டும். எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் என்று நாலு குடும்பத்துக்கும் இப்படித்தான் போகிறது. பொங்கலுக்குப் பிறகு நெல்லைப் புழுக்கி அரைத்து மூட்டை கட்டி அனுப்புகிறோம். மனஸ்தாபம் இல்லாமல் இல்லை. வண்டிச் சத்தம் யார் கொடுப்பது என்று வருஷா வருஷம் சண்டை வருகிறது. ஆனாலும் நாலு வீட்டிலும் ஒரே வயல் அரிசி வேகிறது. தாத்தாவைப் பற்றி எங்கள் பிள்ளைகள் விசாரிப்பதே அந்தச் சோற்றை வைத்துத்தான்.

விற்றே ஆகணும் என்ற நிலை வந்தாலும் இரண்டு காரியம் செய்யலாம். மனை போடுகிறவரிடம் போகும் முன்னால் ஊரில் உழவு செய்கிற ஒருத்தரிடம் கேளுங்க. இரண்டாவது, விதையை நிலத்தோடு சேர்த்து விற்காதீங்க. நிலம் போனாலும் விதை போகணும் என்று இல்லை.

பட்டாவில் இல்லாதவை

பட்டாவில் சர்வே எண் இருக்கும், பரப்பு இருக்கும், தீர்வை இருக்கும். எந்த மூலையில் தண்ணி தேங்கும், எந்த வரப்பில் நண்டு வளை அதிகம், மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணி திறந்தால் நம்ம மடைக்கு எத்தனை நாளில் எட்டும், பக்கத்து வயல்காரரோடு வடிகாலுக்குப் பேசிவைத்த வாய்வார்த்தை என்ன, அறுப்பு முடிந்ததும் கிடை போட வரும் கீதாரி எந்த ஊர்க்காரர், எந்தத் துண்டில் உப்புப் பூக்கும், அதற்கு எந்த நெல் தாங்கும்? இதெல்லாம் தாத்தா தலைக்குள் இருக்கும் பட்டா. அதற்கு நகல் வாங்க எந்த ஆபீசும் கிடையாது.

ஆகவே தாத்தா உயிரோடு இருக்கிறவர்கள் இந்த மாதமே தொடங்குங்க. ஒரு நோட்டு வாங்குங்க. சித்திரை முதல் பங்குனி வரை மாதத்துக்கு ஒரு பக்கம், மொத்தம் 12 பக்கம். அந்த மாதத்தில் வயலில் என்ன செய்வார், எதைப் பார்த்து முடிவு எடுப்பார் என்று கேட்டு எழுதுங்க. வீட்டுக்குள் உட்காரவைத்துக் கேட்டால் "என்னத்தச் சொல்றது" என்பார். வரப்பில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனால் கால் பட்ட இடத்துக்கு ஒரு கதை சொல்வார். கையில் செல்போன் இருக்கு, குரலைப் பதிவு செய்துகொள்ளுங்க. பாட்டிக்கும் தனியாக ஒரு நோட்டு.

தாத்தா போய்விட்ட வீடுகளுக்கு இன்னும் அவசரம். பதினாறாம் நாளுக்குள் வீட்டில் இருக்கும் விதை எல்லாவற்றையும் எடுத்து, பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர் எழுதி ஒட்டுங்க. ஒவ்வொன்றிலும் நூறு மணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்க. ஒரு வாரம், பத்து நாளில் எண்பதுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. சான்று பெற்ற நெல் விதைக்கே அரசு வைத்திருக்கும் அளவு 80 சதவீதம்தான். குறைவாக முளைத்தாலும் தூக்கி எறியாதீங்க, நாற்றங்காலில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக் காப்பாற்றலாம். ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். ஆக, கையில் இரண்டு கிலோ இருந்தால் ஒரு ரகத்தைக் காப்பாற்ற அது தாராளம். நிலமே இல்லாதவர் ஒரு குழி இடத்தில், நண்பர் வயல் ஓரத்தில்கூட நட்டு விதை எடுக்கலாம்.

இதற்குச் சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயர் போட்டு விற்பது மட்டும் கூடாது. காலங்காலமாக நாம் காத்துவந்த ரகத்தை உழவர் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் வழி உண்டு.

நினைவு நாளை மாற்றுவோம்

நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30-ல் மறைந்தார். நெல் ஜெயராமன் 2018 டிசம்பர் 6-ல் போய்ச் சேர்ந்தார், ஐம்பது வயசுதான். இருவர் படத்துக்கும் ஒவ்வொரு டிசம்பரிலும் பூப் போடுகிறோம். ஆனால் இருவரும் இன்றைக்கும் நம்மோடு இருப்பதாக நமக்குத் தோன்றுவது படத்தால் அல்ல. ஒருவர் சொல்லிக்கொடுத்ததை நம் கை செய்துகொண்டிருக்கு. மற்றவர் தேடிச் சேர்த்த 150-க்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் யார் யார் வயலிலோ பால் பிடித்துக்கொண்டிருக்கு. சொந்தத் தாத்தாவுக்கும் அதே வழியில்தான் நினைவு நிற்கும்.

தலைத்திவசம் வரும்போது ஐயருக்கும் சமையலுக்கும் பந்தலுக்கும் செலவு செய்கிறோம். செய்யுங்க, அது அவரவர் நம்பிக்கை. கூடவே ஒரு காரியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்க. அன்றைக்குச் சமைக்கும் சோறு தாத்தா காத்த நெல்லில், அவர் போன பிறகு நீங்கள் விதைத்து அறுத்த நெல்லில் வேகட்டும். சாப்பிட்டுக் கிளம்பும் சொந்தக்காரர்களில் உழவு செய்கிறவர் கையில் இரண்டு கிலோ விதையை மஞ்சள் பையில் போட்டுக் கொடுங்க. பையில் ரகத்தின் பெயர், அறுத்த மாதம், தாத்தா பெயர், பாட்டி பெயர் நாலையும் எழுதுங்க. அடுத்த வருஷம் நாலு கிலோவாக வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்க.

வரும் ஆடியில் நாற்றங்கால் தயாராகும் முன் உங்கள் வீட்டுப் பரணையும் பத்தாயத்தையும் ஒருமுறை திறந்து பாருங்க, தோழர்களே. உள்ளே ஒரு கைப்பிடி இருந்தாலும் போதும்.